ஊருக்காகப் பாட்டுக் கேட்ட சோணைமுத்து

நத்தைக்குளத்துக்காரங்களுக்கு அறிவு கெடையாதுன்னு சுத்துப்பட்டுல ஒரு பேச்சு உண்டு. அது அநியாயம். அறிவு இருக்கு, நெறையவே இருக்கு. எடுத்தா செலவழிஞ்சிருமேன்னு பத்திரமா வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

ஒரு வருசம் பங்குனிப் பொங்கலுக்கு அந்த ஊர்ல வெள்ளிக்கெழம ராத்திரி ஆடுறதா ஒரு நாடகம் பேசி முடிச்சாங்க. வசனம் கொஞ்சம், பாட்டு நெறைய. 'மரிக்கொழுந்து ராணி'ன்னு பேரு. நாடக ஏஜெண்டு நாகுசாமி வெத்தல பாக்கு வாங்கிட்டுக் கெளம்புறப்ப, சட்டைப்பையில இருந்து ஒரு பென்டிரைவை எடுத்து ஊர்த்தலைவர் உடையப்பன் கையில குடுத்தாரு.

"தலைவரே, இதுல நாடகப் பாட்டு பூராவும் இருக்கு. முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. காதுக்குப் பழகிருச்சுன்னா அன்னைக்கு நல்லா ரசிக்கலாம்."

அவரு வண்டி அந்தப் பக்கம் போச்சு. இந்தப் பக்கம் மைக்செட்டுக்காரரு வந்தாரு. சங்கதியைக் கேட்டுட்டு, "அட நீங்க ஒண்ணு! எல்லாப் பாட்டையும் முன்னாடியே கேட்டுட்டா அப்புறம் நாடகத்துல என்ன இருக்கும்?"னு சொல்லிட்டுக் குழாய் கட்டப் போயிட்டாரு.

ரெண்டு பேருமே வெவரமானவங்க. யாரு பேச்சைத் தட்டுறது? சாயங்காலமே சாவடியில ஊரு கூடிருச்சு.

வெள்ளைக்கண்ணுதான் மொதல்ல எந்திரிச்சாரு. ஊர்ல பாதிப் பேருக்கு மாமா முறை. அவரு துண்டை உதறித் தோள்ல போட்டா பெரிய யோசனை ஒண்ணு வருதுன்னு அர்த்தம்.

"முன்னாடியே கேட்டுட்டா, நாடகத்தன்னைக்குக் கண்ணு மட்டுந்தான் வேலை பாக்கும். காது சும்மா கெடக்கும். சும்மா கெடக்குற காதுல என்ன போகும்?"

"என்ன மாமா போகும்?"

"எறும்பு."

கூட்டம் ஆடிப் போச்சு.

டீக்கடை பூச்சி மட்டும் ஒத்துக்கல. "கேக்காமப் போனா மட்டும் நல்லாருக்குமா மாமா? அந்தப் பாட்டு யாரு எவருன்னே நமக்குத் தெரியாது. முன்னப் பின்ன தெரியாத பாட்டு நேரா வந்து காதுக்குள்ள பூந்தா, வயசுப் புள்ளைக இருக்குற ஊரு, நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"அதுவும் சரிதான்."

"அப்ப எதுதான்யா சரி?"

தலைவரு ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பாத்தாரு. "ரெண்டும் சரி. அதுதான் இதுல தப்பா இருக்கு."

கடைசியில வழி சொன்னதும் வெள்ளைக்கண்ணுதான். "கெடாவெட்டுல ஊரே திங்குது. அதுக்காக ஊரேவா கரண்டியத் தூக்கிட்டுப் போயி உப்புப் பாக்குது? ஒருத்தன்தானே பாக்குறான்! அது மாதிரி ஒருத்தன் பாட்டைக் கேக்கட்டும். அவன் கேட்டதால ஊரு கேட்ட மாதிரியும் ஆச்சு. மத்தவங்க கேக்காததால கேக்காத மாதிரியும் ஆச்சு."

எல்லாத் தலையும் ஒண்ணாத் திரும்புச்சு, சோணைமுத்துப் பக்கம். ஊர் விருந்துல உப்புப் பாக்குறது அவன்தான். நாக்கைத் தவிர அவன்கிட்ட ஊருக்கு ஆகுற மாதிரி வேற எதையும் யாரும் கண்டதில்ல. இப்ப காதுக்கும் மதிப்பு வந்துருச்சேன்னு சோணைமுத்துக்கு நெஞ்சு விம்முச்சு.

"ஆனா ஒண்ணு," தலைவரு வெரலை நீட்டினாரு. "ஒரு சொட்டு வெளிய சிந்தக் கூடாது. மொணங்கக் கூடாது, விசிலடிக்கக் கூடாது, தொடையில தாளம் தட்டக் கூடாது. உப்புப் பாக்குறவன் அண்டாவை வழியெல்லாம் ஊத்திக்கிட்டா வருவான்?"

"சத்தியமா சிந்த மாட்டேன் தலைவரே."

மறுநாள் காலையில பென்டிரைவைச் சொருகுன ஒரு சின்ன ஸ்பீக்கரோட அவனைப் பம்புசெட்டு ரூமுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்துனாங்க. சந்துபொந்துல எல்லாம் வைக்கோலைத் திணிச்சாங்க. பாட்டு வெளிய ஒழுகுதான்னு பாக்க வாசல்ல பூச்சியை நிறுத்துனாங்க. தப்பித் தவறி காவல்காரன் கேட்டுரக் கூடாதுல்ல, அதனால பூச்சியோட ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சாங்க. பூச்சி மத்தியானம் வரைக்கும் கண்ணு கொட்டாம நின்னு காவல் காத்துட்டு, "ஒரு பொட்டு கூட ஒழுகல"ன்னு சத்தியம் பண்ணுனான்.

உள்ள சோணைமுத்து பாட்டுக் கேட்டான். ராசா வர்ற பாட்டுக்கு எந்திரிச்சு நின்னு வேட்டிய எறக்கி விட்டான். ராணி தன் ஏழு வயசுப் பையனைத் தூங்க வைக்கிற பாட்டுல இவன் தூங்கிட்டான். முழிச்சுப் பாத்தா கடைசிப் பாட்டு ஓடுது. பையன் தாமரை பறிக்கக் கொளத்துல எறங்கி மூழ்கிட்டான். ராணி கரையில உக்காந்து பாடுறா:

'தாமரை பறிக்கப் போனாயே தங்கமே – தண்ணியத்
தாய்மடின்னு நெனச்சாயோ தங்கமே...'

ஸ்பீக்கர்ல சார்ஜ் தீந்து போச்சு. சோணைமுத்துக்கு அழுகை தீரல.

வெளிய வந்தவன் கண்ணைப் பாத்துட்டுப் பூச்சி தன் காதுப் பஞ்சைப் பிடுங்குனான். "எப்படி மாப்ள, உப்பு சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு மாப்ள. முடிவுலதான் ஒறைப்பு தூக்கலா இருக்கு."

சோணைமுத்து நேரா வீட்டுக்குப் போனான். தட்டுல கருவாட்டுக் கொழம்பு. கை வைக்கல.

"என்னய்யா, எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?" அவன் பொண்டாட்டி தவமணி கேட்டா.

"இன்னும் சாகலடி. வெள்ளிக்கெழமதான் சாகுறான்."

"யாருய்யா?"

"சொல்லக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு."

தவமணி கரண்டியக் கீழ போட்டா. "ஒருத்தன் சாகப் போறது ஒனக்குத் தெரியுது. தெரிஞ்சும் நீ சும்மா உக்காந்திருந்தா அந்தப் பாவம் யாருக்குய்யா வரும்? கேட்டவனுக்குத்தானே?"

சோணைமுத்துக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. ஏழு வயசுப் பையன். அதைத் தெரிஞ்ச ஒரே ஆளு இவன். எழுந்து தலைவரு வீட்டுக்கு ஓடுனான்.

மறுபடியும் ஊரு கூடுச்சு. சொன்னா பாட்டு சிந்திரும். சொல்லலேன்னா உசுரு போயிரும். என்ன பண்றது?

"ராகம் இல்லாமச் சொல்லு," தலைவரு முடிவு பண்ணுனாரு. "ராகம் இல்லேன்னா அது பாட்டுல சேராது. தகவல்தான்."

சோணைமுத்து ராகத்தைப் பல்லுக்குள்ள கடிச்சுக்கிட்டுத் தகவலை மட்டும் சொன்னான். கேட்டதும் பொம்பளைக வாயப் பொத்திக்கிட்டாங்க.

"அப்ப நாம வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்டு ஒரு பச்சப் புள்ளையக் கொல்லப் போறமா?" பூச்சி எந்திரிச்சுட்டான். "எந்தக் கொளமாம்?"

"பாட்டுல பேரு சொல்லல."

"நாடகம் நம்ம ஊர்ல. நம்ம ஊர்ல இருக்குறது ஒரே கொளம்," வெள்ளைக்கண்ணு துண்டை உதறுனாரு. "சந்தேகமே இல்ல. நம்ம கொளந்தான்."

அன்னைக்கே மோட்டாரைக் கொண்டாந்து எறக்குனாங்க. ராவும் பகலும் எறச்சாங்க. மீனெல்லாம் துள்ளுச்சு, தவளையெல்லாம் பக்கத்து ஊருக்குக் குடி போச்சு. "நமக்குக் குடிக்கத் தண்ணி?"ன்னு யாரோ ஒருத்தன் கேட்டான். "ஒரு புள்ள உசுரை விடத் தாகம் பெருசாடா?"ன்னு ஊரே அவனைக் காறித் துப்புச்சு. துப்புறதுக்கு மட்டும் தண்ணி இருந்துச்சு.

வெள்ளிக்கெழம நாடக வண்டி வந்துச்சு. ஏஜெண்டு நாகுசாமி எறங்குன ஒடனே, "மூஞ்சி கழுவக் கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா"ன்னாரு.

"தண்ணியா?" தலைவரு சிரிச்சாரு. "எல்லாத்தையும் அப்புறப்படுத்தியாச்சு. நீங்க தைரியமா ஆடுங்க."

ராணி வேசம் கட்டுற கோமளா கிட்ட மட்டும் யாரும் மூச்சு விடல. பெத்த வயிறாச்சே, தாங்குமா?

பத்து மணிக்குள்ள முடிச்சிரணும்னு போலீஸ்ல கண்டிசனாச் சொல்லியிருந்ததால, பொழுது எறங்குன ஒடனே நாடகம் ஆரம்பிச்சுருச்சு. பையன் மேடைக்கு வந்தான். ஆறடி ஒசரம். மீசைய வழிச்ச எடம் பச்சையாத் தெரிஞ்சுச்சு. முன்னாடி தொப்பை.

"ஏழு வயசுன்னு சொன்ன?" பூச்சி சோணைமுத்து காதைக் கடிச்சான்.

"ராசா வீட்டுச் சோறு மாப்ள. அப்படித்தான் வளரும்."

சோணைமுத்துக்கு மட்டும் பதட்டமே இல்ல. கொளம் காஞ்சு கெடக்கு. பையன் பொழச்சுக்குவான். காலை நீட்டி உக்காந்து பாத்துக்கிட்டிருந்தான். அப்பத்தான் மேடையில ரெண்டு பேரு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு நீலச் சேலை ஒண்ணை விரிச்சுப் பிடிச்சு ஆட்டுனாங்க. அலை அலையா வந்துச்சு.

"அடப்பாவிகளா!" சோணைமுத்து துள்ளி எந்திரிச்சான். "கொளத்தைக் கையோட கொண்டாந்திருக்காங்கய்யா!"

பையன் தாமரையப் பாத்துட்டு எறங்கிட்டான். முழங்கால் மறைஞ்சுச்சு, தொப்பை மறைஞ்சுச்சு. சோணைமுத்து கூட்டத்தைத் தாண்டி ஓடி ஒரே பாய்ச்சல்ல மேடையில ஏறிட்டான். சேலைக்குப் பக்கத்துல போனவன் டக்குனு நின்னுட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"கயிறு! கயித்தைப் போடுங்கய்யா!"

கயிறு பறந்து வந்துச்சு. பையன் இடுப்புல சுருக்கு விழுந்துச்சு. ஊரே சேந்து இழுத்துச்சு.

"யோவ், விடுங்கய்யா! நான் சாகணும்யா!"ன்னு பையன் கத்துறான்.

"ஏழு வயசுல அப்படியெல்லாம் தோணக் கூடாது ராசா," வெள்ளைக்கண்ணு தலையத் தடவிக் குடுத்தாரு.

பூச்சி அவனைக் குப்புறப் போட்டு முதுகுல அமுக்குனான். தண்ணி வரல. ஏப்பந்தான் வந்துச்சு. "பொழச்சுக்கிட்டான்!"னு ஒரு சத்தம். குலவை போட்டாங்க. சோணைமுத்தைத் தோள்ல தூக்கி வச்சாங்க.

ஏஜெண்டு மைக்கைப் பிடுங்குனாரு. "ஏய்யா, அறிவிருக்கா? அவன் செத்தாத்தானய்யா ராணி அழுகுற பாட்டு! அந்தப் பாட்டுக்குத்தானய்யா எங்க செட்டுக்கே பேரு!"

தலைவரு மெதுவா சோணைமுத்தைக் கேட்டாரு. "அந்தப் பாட்டு அம்புட்டு நல்லாவா இருக்கும்?"

சோணைமுத்துக்குப் பொய் சொல்ல வரல. "எல்லாத்துலயும் அதுதான் தலைவரே ஒசத்தி."

இப்ப ஊருக்கு எச்சில் ஊறிருச்சு. பாட்டும் வேணும், பையனும் வேணும். யாராவது செத்தாத்தான் பாட்டு. பையனைக் குடுக்க முடியாது. அப்ப யாரு?

வெள்ளைக்கண்ணு துண்டை உதறுனாரு. "நான் சாகுறேன்யா. எனக்கும் வயசாச்சு. ஆனா ஒண்ணு, பாட்டைக் கேட்டுட்டுத்தான் சாவேன். முன்னாடியே செத்துட்டா நான் எப்படிய்யா கேக்குறது?"

அதுல இருந்த நியாயத்தை யாராலயும் மறுக்க முடியல. ஏஜெண்டு தலையில அடிச்சுக்கிட்டு, "பாடித் தொலைம்மா"ன்னாரு.

கோமளா பாடுனா பாருங்க! 'தாமரை பறிக்கப் போனாயே'ன்னு இழுத்ததுல காஞ்ச கொளமே நெறைஞ்சிரும் போல இருந்துச்சு. காப்பாத்துன பையனும் கூட்டத்துல உக்காந்து, "அய்யோ, போயிட்டேனே"ன்னு அழுதான்.

பாட்டு முடிஞ்சுச்சு. எல்லாரும் வெள்ளைக்கண்ணைப் பாத்தாங்க. அவரு எந்திரிச்சு, வேட்டியச் சரி பண்ணி, தெற்கால தலை வச்சுப் படுக்கப் போனாரு.

சோணைமுத்து பதறிப் போனான். புள்ளையக் காப்பாத்தி மாமனைப் பறிகுடுக்கவா இம்புட்டுப் பாடு? பாட்டு நடக்குற வரைக்கும்தானே மாமா உசுரு?

"ஒன்ஸ்மோர்!"னு கத்துனான்.

ஊருக்குப் புரிஞ்சிருச்சு. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

கோமளாவுக்கு மொதல்ல ரொம்பப் பெருமை. மறுபடியும் பாடுனா. மறுபடியும் ஒன்ஸ்மோர். கொஞ்ச நேரத்துல பெருமை போயி நெசமாவே அழுக ஆரம்பிச்சா. ஆர்மோனியக்காரரு வெரலை ஊதிக்கிட்டாரு.

"போதும்யா! அந்தாளு ஒண்ணும் சாக வேணாம்!" ஏஜெண்டு கும்புட்டாரு.

வெள்ளைக்கண்ணுக்குக் கோவம் வந்துருச்சு. "குடுத்த வாக்கை மாத்துற குடும்பமாய்யா எங்க குடும்பம்? பாட்டு நின்னா நான் படுத்துருவேன்."

பத்து மணியாச்சு. ஏஜெண்டு கண்ணைக் காட்டுனாரு. செட்டே வேசத்தோட வண்டியில ஏறிருச்சு. சோணைமுத்து பின்னாடியே ஓடுனான், ஊரு அவன் பின்னாடி ஓடுச்சு. "நிறுத்தாத தாயி! பாடிக்கிட்டே போ தாயி! நிறுத்துனா இங்க ஒரு உசுரு போயிரும்!"

பாவம் கோமளா, ஜன்னல் வழியாத் தலைய நீட்டிப் பாடிக்கிட்டே போனா. வண்டி ஆலமரம் தாண்டுச்சு, பாலம் தாண்டுச்சு. பாட்டு கொஞ்சங் கொஞ்சமாத் தேய்ஞ்சு, வண்டுச் சத்தத்தோட கலந்து போச்சு. ஆனா அவ நிறுத்துனதை மட்டும் நத்தைக்குளத்துல ஒருத்தரும் கேக்கல. அதனால வெள்ளைக்கண்ணு இன்னைக்கு வரைக்கும் திடகாத்திரமா இருக்காரு.

ஒரு நாளு தவமணி வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "ஏய்யா, அந்தப் பொம்பள எப்படியும் வீட்டுக்குப் போயிச் சோறு திங்கிறதுக்காவது பாட்டை நிறுத்தியிருப்பால்ல?"ன்னு கேட்டா.

சோணைமுத்து பாஞ்சு போயி அவ வாயப் பொத்துனான்.

"மெல்லப் பேசுடி! மாமா காதுல விழுந்தா செத்துருவாரு!"