குழிமேட்டுத் தக்காளி

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், தக்காளி இப்போது இருப்பதுபோல் இல்லை. அதன் விதை, மிளகாய் விதையைப்போலப் பழத்துக்குள் காய்ந்து தனித்தனியாகக் கிடக்கும். கிளையை முறித்தால் முறித்ததுதான், ஒரு பொழுதில் வாடிக் கருகிவிடும். வாய் மட்டும் மற்றச் செடிகளைவிடக் கொஞ்சம் நீளம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் முளைத்து, பெண்களோடு பேசிப் பேசி வளர்ந்த செடி வேறு எப்படி இருக்கும்?

கரிசல்காட்டு ஊர் ஒன்றில் மூன்று வருஷமாக மழை இல்லை. வெடித்த நிலத்தில் ஆட்டுக்குட்டியின் கால் உள்ளே போய்விடும், அவ்வளவு வெடிப்பு. அந்த ஊரில் குருவம்மா என்று ஒருத்தி. அவள் புருஷன் மாட்டுக்குத் தீவனம் தேடி மேற்கே போனான். மாடும் வரவில்லை, அவனும் வரவில்லை. வீட்டில் அவளும் ஐந்து வயது மகள் நாச்சியும்தான். மற்ற வீடுகளில் தக்காளிச் செடி எப்போதோ கருகிவிட்டது. எடுத்துவைத்த விதையையும் வறுத்துத் தின்றுவிட்டார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறார்கள், விதை எம்மாத்திரம்? குருவம்மா மட்டும் மகளின் முகம் கழுவிய தண்ணீரைக்கூடக் கீழே விடாமல் ஏந்தி, கொல்லையில் இருந்த கடைசிச் செடிக்கு ஊற்றிவந்தாள்.

அந்தச் செடியில் ஒரே ஒரு காய் பிடித்தது. கையோடு அதற்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டாள். விதைக்கு விடுகிற காய்க்கு அப்படிப் பொட்டு வைப்பது அந்த ஊர் வழக்கம். பொட்டு வைத்த காயைத் திருடன்கூடத் தொடமாட்டான். அது நம்முடையது அல்ல, அடுத்த வருஷத்துக்காரர்களுடையது என்பார்கள்.

காய் பழுத்தது. பானையில் இருந்த கேழ்வரகு அடி தட்டியது. நாச்சிக்குக் காய்ச்சலும் வந்தது. கஞ்சித்தண்ணி கொடுத்தால் துப்பினாள். கொல்லைப்பக்கம் கையை நீட்டி, "அந்தப் பழத்தக் குடும்மா" என்றாள்.

குருவம்மா செடியிடம் போய் உட்கார்ந்தாள்.

"ஆத்தா, பிள்ள கேக்குறா."

"எனக்குக் கேக்காமயா இருக்கு?" என்றது செடி. "ஆனா தாயி, எனக்கு வேர் செத்துப்போச்சு. இன்னொரு பூ பூக்கமாட்டேன். எம் பிள்ளைகளும் இந்த ஒத்தப் பழத்துக்குள்ளதான் இருக்கு. இப்பப் பறிச்சா அம்புட்டும் பிஞ்சு, ஒண்ணும் முளைக்காது. தோல் சுருங்கட்டும். சதைய ஒம் பிள்ளைக்குக் குடு, விதைய மண்ணுக்குக் குடு. மூணே நாளு."

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு தாய்க்கும் பிள்ளை பிழைக்க வேண்டும், மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று குருவம்மா நினைத்தாள். பாவி, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கலாம். பழத்தின் தோலைப் பார்த்தல்லவா போட்டாள்!

முதல் நாள் நாச்சி அழுது கேட்டாள். "பொட்டு வச்ச பழம்டி, சாமி கோவிச்சுக்கும்" என்று தட்டிக்கொடுத்தாள் தாய். இரண்டாம் நாள் அழாமல் கேட்டாள். மூன்றாம் நாள் கையை மட்டும் நீட்டினாள். குருவம்மா கொல்லைக்கு ஓடினாள். பழத்தில் ஒரு பக்கம்தான் சுருக்கம் விழுந்திருந்தது.

"இன்னும் ஒரு நாளு தாயி" என்றது செடி. "இம்புட்டு நாளு பொறுத்துட்ட."

அவளும் பொறுத்தாள். அதுதான் அவள் செய்த பிழை. சாகும்வரை அதை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலையில் நாச்சி எதுவும் கேட்கவில்லை.

குருவம்மா பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவந்தாள். விதையை எடுத்துவிட்டு ஊட்டத்தான் நினைத்தாள். ஆனால் பழத்தின் வாசனை பட்டதும் பிள்ளை வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வைத்த பிறகு பிடுங்க எந்தத் தாய்க்குக் கை வரும்? மென்று தின்னத் தெம்பில்லாமல் சாறும் சதையும் விதையுமாக விழுங்கினாள் நாச்சி. "புளிக்குதும்மா" என்று சொல்லிச் சிரித்தாள். உச்சிவெயில் இறங்குவதற்குள் உடம்பு சில்லிட்டுப்போயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

குழி வெட்டத் தெம்புள்ள ஆண்பிள்ளை அந்தத் தெருவில் இல்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பதெல்லாம் ஆள் இருக்கிற ஊரில் பேசுகிற பேச்சு. ஓடைக்கரையில் அவளே மண்ணைக் கொத்தினாள், அவளே பிள்ளையைப் படுக்கவைத்தாள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நேராகக் கொல்லைக்கு வந்தாள். செடியின் தண்டைப் பிடித்து ஒடித்தாள். வேர் கொல்லையிலேயே கிடக்க, தண்டைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒரு நாளு, ஒரு நாளுன்னு நீதான சொன்ன! இந்தா, அவ பக்கத்துலயே கிட!" என்று குழிமேட்டின் மேல் வீசினாள்.

செடி அவளைத் திட்டவில்லை. "வீசினது வீசினபடி கிடக்கட்டும் தாயி" என்றது. "எம் பிள்ளைகளும் அவ வயித்துலதான் இருக்கு."

அன்றைக்கு மூன்றாம் நாள் மழை வந்தது. மூன்று வருஷம் வராத மழை, பிள்ளைக்குப் பால் ஊற்றவேண்டிய நாளில் வந்து கொட்டித் தீர்த்தது. ஊரே தெருவில் இறங்கி நனைந்தது. குருவம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து வானத்தை வைதுகொண்டிருந்தாள்.

மழை விட்டுச் சில நாள் கழித்து, குழியை நரி தோண்டியிருக்குமோ என்று பயந்து ஓடைக்கரைக்குப் போனாள். நரி தோண்டவில்லை. காய்ந்து சருகாகியிருக்க வேண்டிய தண்டு பச்சைப்பசேல் என்று படுத்திருந்தது. மண் பட்ட இடமெல்லாம் அதன் உடம்பில் வேர் முளைத்து, குழிக்குள் இறங்கியிருந்தது. கீழே கிடக்கும் பிள்ளைகளை எப்படியாவது எட்டித் தொட்டுவிட வேண்டும் என்று அது உடம்பு முழுவதையும் கையாக்கிக்கொண்டது. கீழேயிருந்த பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. மேட்டைப் பிளந்துகொண்டு ஏழெட்டு நாற்றுகள் தலையை நீட்டியிருந்தன.

குருவம்மாவுக்கு ஆங்காரம் வந்தது. ஒரு நாற்றைப் பிடுங்கினாள். அதன் நுனியில் விதைத்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வழவழவென்று ஏதோ இருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தாள். நாச்சியின் வாயைத் துடைத்துவிடும்போதெல்லாம் அவள் விரலில் பட்ட அதே எச்சில். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல எம் பிள்ள எது, ஒம் பிள்ள எதுன்னு எனக்கே தெரியல தாயி" என்றது செடி. அதுதான் தக்காளி பேசிய கடைசிப் பேச்சு. அந்த வாயும் அதோடு அடைத்துப்போயிற்று.

குருவம்மா வெகுநேரம் அழுதாள். பிறகு பிடுங்கிய நாற்றைப் பிடுங்கிய இடத்திலேயே ஊன்றி, மண்ணை அணைத்துவிட்டாள்.

இரண்டு மாதத்தில் மேடு முழுவதும் பழம். வயலில் விதைத்தது இன்னும் கதிர் பிடிக்கவில்லை, ஊரில் பசி தீரவில்லை. பக்கத்து வீட்டுப் பூவாயி எலும்பும் தோலுமான மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். பழத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள்.

"குழி மேல முளைச்சத எப்படி மதினி பிள்ளைக்குக் குடுக்கறது?"

"ஒம் பிள்ள வாய் தொறந்து கேக்குறான்ல?"

"கேக்குறான்."

"அப்பக் குடு. கேக்கும்போதே குடு." குருவம்மா இருப்பதிலேயே சிவந்த பழத்தைப் பறித்துப் பையன் கையில் வைத்தாள். ஒரு கிளையை முறித்துப் பூவாயியிடம் நீட்டினாள். "இதக் கொண்டுபோயி ஈர மண்ணுல ஊனு. விதைக்குன்னு ஒரு பழத்தையும் ஒளிச்சு வைக்காத. திங்காம மிஞ்சி அழுகுனா, அது முளைச்சுக்கும்."

பூவாயி மூலமாக அந்தக் கிளை அடுத்த தெருவுக்கும் அடுத்த ஊருக்கும் போயிற்று. குருவம்மா அதன் பிறகு ஒரு தக்காளியையும் வாயில் வைக்கவில்லை. பழம் பறிக்க வந்த பிள்ளைகளை ஒருநாளும் விரட்டவும் இல்லை.

தக்காளி விதையை எச்சில்போல் ஒரு வழவழப்பு மூடியிருப்பதும், அது புளித்து நாறி அழுகிய பிறகே விதை மண்ணில் கண் விழிப்பதும், முறித்துப் போட்ட கிளை மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டுக் கீழே தேடுவதும், குருவம்மா பொறுத்திருந்த அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான்.