கரை யாருடையது?

ஒரு காட்டின் நடுவே குளம் ஒன்று இருந்தது. அதில் ஒரு விரால் மீன் தன் குஞ்சுகளைக் காவல் காத்து வந்தது.

அந்தக் காட்டை ஆண்ட சிங்கம் ஒருநாள் எல்லா விலங்குகளையும் கூட்டியது.

"எதற்கெடுத்தாலும் என் குகை வாசலுக்கு வராதீர்கள்! இனிக் குளம் ஆமையின் பொறுப்பு. வெளியே உள்ள நிலம் பன்றியின் பொறுப்பு. அதிகாரம் முழுவதும் உங்களுக்கே!"

விலங்குகள் ஆரவாரம் செய்தன. குளத்தின் கரை யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும், நண்டு வளை ஒன்றின் வழியாகக் கரை கசியத் தொடங்கியது. விரால் பதறிப்போய் ஆமையிடம் நீந்தியது.

"தலைவரே, தண்ணீர் போகிறது!"

"கசிவு வெளிப்பக்கம்தானே தெரிகிறது? அது பன்றியின் எல்லை" என்றது ஆமை.

விரால் கரையோரம் வந்து பன்றியைக் கூப்பிட்டது.

"அண்ணே, மூக்கால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி அடைத்துவிடுங்களேன்!"

"ஒழுகுவது உங்கள் தண்ணீர். சேறாவது என் நிலம். ஆமைதான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்!"

"உங்களுக்குச் சேறு பிடிக்குமே, அண்ணே!"

"பிடிக்கும். அது வேறு பேச்சு. இன்றைக்கு நான் தொட்டால், நாளைக்குக் கரை முழுவதும் என் தலையில் விழும்!"

வளை பெரிதாகி உடைப்பாயிற்று. இனிப் பன்றியின் மூக்கு போதாது. சிங்கத்தின் படையில் இருந்த யானை வந்து மண் கொட்டினால்தான் உண்டு. ஆமையும் பன்றியும் சிங்கத்திடம் போயின.

"அரசே, யானையை அனுப்புங்கள்!"

"அதிகாரத்தைத்தான் கொடுத்துவிட்டேனே! மறுபடியும் ஏன் வந்தீர்கள்?"

"அதிகாரம் எங்களிடம் இருக்கிறது. யானை உங்களிடம் அல்லவா இருக்கிறது!" என்றது ஆமை.

"யானை என் படையைச் சேர்ந்தது. அதையும் எப்படிக் கொடுப்பேன்? சரி, கரைக்கு உரியவர் கேட்கட்டும், அனுப்புகிறேன்."

"கரை ஆமையுடையது!" என்றது பன்றி.

"இல்லை, பன்றியுடையது!" என்றது ஆமை.

வாக்குவாதம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் சிங்கமே அலுத்துப்போய் யானையை அனுப்பியது. யானை மண்ணைக் கொட்டி, மிதித்து, உடைப்பை மிக நன்றாக அடைத்தது.

"இனி ஒரு சொட்டுக்கூடக் கசியாது!" என்றது பெருமையாக.

குளத்தில் கசிவதற்குத் தண்ணீர் இல்லை. விரால் சேற்றுக்குள் புதைந்து பிழைத்துக்கொண்டது. அதன் குஞ்சுகள் பிழைக்கவில்லை.

பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பவர் அதைச் செய்து முடிக்கும் வலிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெற்றவரோ எல்லையைப் பார்க்கும் முன்பு ஓட்டையை அடைக்க வேண்டும்.