கோல்போஸ்ட்டில் நடந்த கல்யாணம்

கோணக்குளத்துக்காரர்களிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை சொன்னாலே தலைகீழாக நின்றாவது அதை அப்படியே செய்துவிடுவார்கள். அதனால்தான் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் முடிந்தவரை எதுவும் சொல்வதில்லை.

அந்த ஊர் ஃபுட்பால் டீமுக்கு பூவலிங்கம்தான் கோல்கீப்பர். போன வருஷம் ஆட்டத்தின் நடுவே கரும்புச்சாறு குடித்துவிட்டு வரப் போனான். திரும்பி வருவதற்குள் நாலு கோல். அதனால் இந்த வருஷ இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் அம்மாசி அவனைக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தான்: "ஆட்டம் முடியிற வரைக்கும் கோல்போஸ்ட்டை விட்டு நகர மாட்டேன்."

ஆட்டம் காலை ஏழு மணிக்கு, வேலம்பாறையோடு. அன்றைக்கே ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பூவலிங்கத்துக்கு முகூர்த்தம். பெண் செண்பகமும் வேலம்பாறைதான். "முடிச்சிட்டு, குளிச்சிட்டு, ரெண்டு இட்லி தின்னுட்டு வந்தாக்கூட நேரம் மிஞ்சும்" என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ரெஃப்ரி கூடுதலாக அரை மணி கொடுத்தார். அதிலும் பூஜ்யம். "இனிமே யார் முதல்ல கோல் போடறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அதுவரைக்கும் ஆட்டம் ஓடும்" என்றார்.

பூவலிங்கம் மணி பார்த்தான். ஒன்பதேகால். அடுத்து ஆடி மாசம். "இன்னிக்குத் தாலி ஏறலேன்னா வேற மாப்பிள்ளை பாத்துக்குவேன்" என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். செண்பகம் என்றால் பூவலிங்கத்துக்கு உயிர்.

டீம் கூடி ஆலோசித்தது.

"கபடின்னா அஞ்சஞ்சு நிமிஷம்தான் கூடக் குடுப்பாங்க."

"கிரிக்கெட்னா ஒரே ஓவர். ஆறு பந்துல சோலி முடிஞ்சிரும்."

"நம்மகிட்ட ஒரு பந்துதானப்பா இருக்கு?"

"டென்னிஸ்ல ரெண்டு பாயிண்ட் முன்னால போகணுமாம்."

"பின்னால போனா ஒத்துக்க மாட்டாங்களா?"

நெடுநேரம் யோசித்து அம்மாசி தீர்ப்புச் சொன்னான். "பூவலிங்கந்தான் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. கல்யாணம் பூவலிங்கத்துக்கிட்ட வரலாம்ல?"

வந்தது. இரண்டு கம்பத்திலும் வாழைமரம் கட்டினார்கள், குறுக்குக் கட்டையில் மாவிலைத் தோரணம். ஐயர் வலைக்கு முன்னால் அக்னி வளர்த்தார். ஆட்டமும் நடந்தது. பந்தோடு பாய்ந்து வந்த வேலம்பாறைக்காரர்கள் மணவறையைக் கண்டதும் பூட்ஸைக் கழற்றினார்கள், சந்தனம் பூசிக்கொண்டார்கள், கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு பந்தை மறந்து திரும்பிப் போனார்கள்.

மணி பத்து இருபத்தெட்டு. "கெட்டிமேளம்!" என்றார் ஐயர். பூவலிங்கம் ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டாவதும் போட்டான். தங்கச்சி கழுத்தில் தாலி ஏறுகிற சந்தோஷம் தாங்காமல் வேலம்பாறை டீமில் ஆடிய செண்பகத்தின் அண்ணன் காலடியில் கிடந்த பந்தை ஓங்கி உதைத்தான். அது நேரே கோலுக்கு வந்தது.

"பிடிடா!" என்றான் அம்மாசி.

"தாலியை விட்டுடாதேள்!" என்றார் ஐயர்.

பூவலிங்கம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். செண்பகம் குனிந்த தலை நிமிராமல் பந்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ரெஃப்ரி விசிலை ஊதினார். "கோல்கீப்பரைத் தவிர யாரும் கையால தொடக் கூடாது! இந்தப் பொண்ணு எந்த ஊரு டீம்?"

"மூணு முடிச்சுல ரெண்டு விழுந்தாச்சு. அதனால முக்கால்வாசி எங்க ஊரு" என்றான் அம்மாசி.

"மூணாவது, நாத்தனார் போடுற முடிச்சு. அது விழுற வரைக்கும் அவ எங்க பொண்ணுதான்" என்றார் மாமனார்.

ரெஃப்ரி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முடிச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "ஆட்டத்தை நிறுத்தி வைக்கிறேன். மீதியை ஆவணியில ஆடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு முதல் பந்திக்கு ஓடினார். பூவலிங்கத்தின் அக்கா அவசர அவசரமாக மூன்றாவது முடிச்சைப் போட்டாள். மணி பத்து இருபத்தொன்பது. பூவலிங்கம் சந்தோஷத்தில் தேம்பி அழுதான்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"வாடா, பாயசம் ஆறுது" என்றான் அம்மாசி.

"எப்படி வர்றது? ஆட்டத்தை நிறுத்தித்தானே வெச்சிருக்கு. முடியலையே?"

சத்தியம் சத்தியம்தான். அன்று சாயங்காலமே நல்ல நேரம் பார்த்துக் கோல்போஸ்ட்டில் பால் காய்ச்சினார்கள்.

செண்பகம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புது வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு குறுக்குக் கட்டையை அண்ணாந்து பார்த்து வெட்கத்தோடு சொன்னாள்:

"தொட்டில் கட்டத் தோதாத்தான் இருக்கு."