வெயிலோடு போன கொடி

மூத்தவளைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில் பிலோமினாக்கா எனக்குச் சொன்ன கதை இது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆண்டவர் அந்த அக்காவை நல்லா வைக்கட்டும்.

கீழக்குளத்தில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். பாக்கியநாதன், மிக்கேல், சின்னப்பன். மூத்தவன் பாக்கியநாதனுக்கு நாற்பது நெருங்கியும் பெண் அமையவில்லை. ஒருவழியாக மேலக்குளத்து வேதமாணிக்கம், "சாயந்திரம் மாப்பிள்ளை வரட்டும், ஆளைப் பார்த்து முடிவு சொல்றேன்" என்றிருந்தார். இவனிடம் இருந்ததோ ஒரே ஒரு நல்ல வேட்டி. அதையும் காலையிலேயே சாணியில் போட்டுவிட்டான். துவைத்துக் காயப்போடப் போனால், தோட்டத்துத் துணிக்கொடி அறுந்து விழுந்தது.

அம்மா முன்னாலேயே மேலக்குளத்துக்குக் கிளம்பினாள். போகும்போது, "வேட்டிக்கு ஏத்த கயிறாப் பார்த்து வாங்குங்க. வெயில் போகாத இடமாக் கட்டுங்க. காயுற வரைக்கும் கொடியை விட்டு நகராதீங்க" என்று சொல்லிப்போனாள்.

பிள்ளைகள் அம்மா பேச்சைத் தட்டாதவர்கள்.

"செருப்பு வாங்கக் காலைக் கொண்டுபோறோம். கயிறு வாங்க வேட்டியைக் கொண்டுபோக வேண்டாமா?" என்றான் சின்னப்பன்.

ஈர வேட்டியோடு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நார்க்கயிற்றைக் காட்டினார். வேட்டியை அதில் போட்டு, மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"முகம் வாடிப்போச்சு" என்றான் மிக்கேல்.

அடுத்தது பிளாஸ்டிக் வயர். "இதுல விறைச்சுக்கிட்டு நிக்குது. ஒத்துவராது."

நீல நைலான் கயிற்றில் போட்டதும் காற்று வந்தது.

"தலையாட்டிருச்சுண்ணே!"

அதையே வாங்கினார்கள். அதற்குள் வேட்டித் தண்ணீர் சொட்டிச் சொட்டி, கடைக்காரரின் வெல்லம் பாகாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் முருங்கைக்கும் கொய்யாவுக்கும் நடுவே கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மாமரத்து நிழல் வேட்டிமேல் விழுந்தது.

"வெயில் போயிருச்சே! எங்க போகுது?"

"மேற்க."

"அப்ப கொடியும் மேற்க போகணும்."

"மரம் வராதே."

"நாம வருவோமே!"

தம்பிகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். பாக்கியநாதன் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, நடுவில் கம்பு கொடுத்துக் கயிற்றைத் தாங்கினான். வேலி தாண்டி, வாழைத்தோப்பு தாண்டி, ரோட்டுக்கு வந்தார்கள். பஸ் நின்றது.

"எங்கய்யா போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"போகலை சார். கொடியை விட்டு நகராம நிக்கோம்."

கொஞ்ச தூரத்தில் பாக்கியநாதன் கேட்டான். "காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாரேம்ல."

சின்னப்பன் நன்றாக யோசித்தான். "காயலைன்னா கை ஈரமாகும். ஈரக்கை பட்டா காஞ்ச இடமும் ஈரமாகும். வேண்டாம்ணே."

இப்படி வெயிலுக்குப் பின்னாலேயே போனதில், சாயந்திரம் சரியாக வேதமாணிக்கம் வீட்டு வாசலில் நின்றார்கள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு "மாதாவே!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"சாக்கைக் கட்டிக்கிட்டா பொண்ணு பார்க்க வந்தீரு?" என்றார் வேதமாணிக்கம்.

"வேட்டி பின்னாலயே வருது மாமா."

வேதமாணிக்கம் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்று காய்ந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"கொடி கட்டுங்கன்னு எம்பொண்ணு எத்தனை வருசமாக் கேக்கா! மாப்பிள்ளை கொடியோடயே வந்திருக்காரே! எனக்குச் சம்மதம். ஏட்டி கனகம்மா, ஈரச் சேலையைக் கொண்டா!"

கனகம்மாள் வந்து சேலையை விரித்துப் போட்டாள். போட்டதும் வெயில் போய்விட்டது.

"காயலையே! கொடியை விட்டு நகரக்கூடாதே" என்றான் மிக்கேல்.

"நாளைக்கு வெயில் எங்க வரும்?"

"கிழக்க. நம்ம ஊர்ப்பக்கம்."

கொடி கிழக்கே திரும்பியது. சேலை போகவே, சேலைக்காரியும் பின்னால் போனாள். வழியில் இருந்த மாதா கோயிலில், சாமியார் கயிற்றுக்கடியில் குனிந்து வந்து கல்யாணத்தை முடித்துவைத்தார். அடுத்த வருஷம் பிள்ளையும் பிறந்தது. பிள்ளை இருக்கிற வீட்டில் துணி காய்ந்து தீர்ந்த நாள் உண்டா? கொடி இன்னும் காலையில் கிழக்கேயும் சாயந்திரம் மேற்கேயும் போய்க்கொண்டுதான் இருக்கிறதாம்.

வழியில் கண்டால், சத்தம் போடாமல் குனிந்து போங்கம்மா. தொட்டிலும் அந்தக் கொடியில்தான் கட்டியிருக்கிறது. பிள்ளை இப்போதுதான் தூங்கியிருக்கும்.