திமிங்கலம் மடியை மறைச்ச கதை

இல்ல மதிவதனா, நான் ஒண்ணும் வெறி புடிச்சுப் போயி உன் போர்டை ஒடைக்கல. ரெண்டு தடவை நிதானமா படிச்சுப் பாத்துட்டுத்தான் ஒடைச்சேன். "இன்று: ஆடு, ஒட்டகம், கழுதை. அடுத்த வருஷம்: திமிங்கலம்! வாங்க, ருசி பாருங்க!" இதானே எழுதியிருந்தே? காலேஜ் விழாவுக்கு வந்தவன் எல்லாம் குட்டிக் கப்புல ஒரு வாய் பால் குடிச்சான், மூஞ்சியைச் சுளிச்சான், போட்டோ எடுத்துக்கிட்டுப் போனான். ஸ்டாலுக்குப் பின்னாடி தாய்க் கழுதை நின்னுச்சு. அதோட குட்டி எங்க நின்னுச்சு? சைக்கிள் ஸ்டாண்டுத் தூண்ல, கயித்துல. காலையில இருந்து கத்திக்கிட்டே கெடந்துச்சு. உன் ஸ்பீக்கர் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்கல.

இப்ப கிளாஸ் குரூப்ல எழுதுறே, எனக்கு அறிவியல்னாலே அலர்ஜியாம். கேள்வி கேட்டாலே தப்புன்னு சொல்ற கூட்டமாம் நான். "சும்மா ஒரு ஆர்வம், ருசி எப்படின்னு தெரிஞ்சுக்கக் கூடாதா?"ன்னு வேற. தெரிஞ்சுக்கோ. யாரு வேணாம்னா? ஆனா அந்த "சும்மா" இருக்கு பாரு, அதுக்கு ஒரு கதை இருக்கு. குரூப்ல இருக்குற அறுபத்திரண்டு பேரும் படிங்க.

அந்தக் காலத்துல மிருகம் பேசும். மனுஷனும் காது குடுத்துக் கேப்பான், அவனுக்கு ஆகணும்னா.

அப்போ திமிங்கலம் நடுக்கடல்ல இல்ல. கரையோரமாத்தான் குடியிருந்துச்சு. இப்ப மாதிரி மலை சைஸும் கிடையாது. ரெண்டு எருமையைச் சேத்து வச்சா எவ்வளவோ அவ்வளவுதான். மடி வெளியில தொங்கும். பால் எளநித் தண்ணி மாதிரி தெளுதெளுன்னு இருக்கும். முட்டளவு தண்ணியில ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டுத்தான் குட்டிக்குப் பால் குடுக்கும்.

அந்தக் கரையில கொம்பையான்னு ஒருத்தன் இருந்தான். பால் கறக்குறவன். முரட்டு எருமைகூட அவன் கை பட்டா அசையாம நிக்கும். ஆனா ஆளுக்கு ஒரு கிறுக்கு. எந்த மிருகத்தைப் பாத்தாலும், அதோட பால் எப்படி இருக்கும்னு ஒரு வாய் குடிச்சுப் பாத்தாகணும். ஆட்டுப் பால்ல தழை வாசம் வருதும்பான், கழுதைப் பால் சப்புன்னு இனிக்குதும்பான். நாய் கடிச்ச தழும்பு முழங்கையில, யானை உதைச்ச தழும்பு இடுப்புல. ரெண்டையும் வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவான். பசிச்சுக் குடிச்சான்னா அது வேற கதை. வீட்டுல மூணு எருமை கறந்துக்கிட்டிருந்துச்சு.

அந்த ஊருல ஒரு வழக்கம். மாடு கன்னு போட்டா, மொதல்ல வர்ற சீம்பாலைத் தானே வச்சுக்கிறது பெரிய அசிங்கம். கருப்பட்டி தட்டிப் போட்டு, ஏலக்காய் நுணுக்கிப் போட்டு வேக வச்சு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஒரு கிண்ணம் குடுத்தே ஆகணும்.

திமிங்கலம் குட்டி போட்டுச்சு. மறுநாளே கொம்பையா கலயத்தோட தண்ணியில இறங்கிட்டான்.

"என்ன மதினி, புள்ள பொறந்திருக்காமே!"

"ஆமா கொழுந்தனாரே. ஆம்பளப் புள்ள. பொறந்ததும் தலை உச்சியால ஒரு மூச்சு ஊதுனான் பாருங்க, பனை உசரத்துக்குத் தண்ணி போச்சு!"

"அதெல்லாம் சரி, அப்ப சீம்பால்?"

திமிங்கலம் சிரிச்சிருச்சு. "எங்கடா இன்னும் கேக்கலையேன்னு பாத்தேன். பக்கத்து வீடுன்னு ஆயிப்போச்சு, குடுக்காம இருப்பேனா? ஒரு கலயம் எடுத்துக்கோங்க."

இதைக் கவனிச்சுக்கோ மதி. அது குடுத்துச்சு. மனசாரக் குடுத்துச்சு. கேட்டது தப்பே இல்ல.

கொம்பையா பொண்டாட்டி உச்சிமாளி அதை வேக வச்சா. ஊரே கூடி ஆளுக்கு ஒரு கரண்டி தின்னுச்சு. தின்னுட்டு அடுப்படியிலயே சண்டை. கறிக் கொழுப்பு ருசின்னான் ஒருத்தன். இல்லவே இல்ல, தேங்காப் பாலுன்னான் இன்னொருத்தன். "உப்பு கரிக்குதுய்யா, நாக்கு செத்தவனுங்களா"ன்னு மூணாமத்தவன்.

கொம்பையா நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டு, "ஒரு வாய்ல என்னத்தைச் சொல்ல? இன்னொரு வாய் பாத்தாத்தான் தெரியும்"னான்.

மறுநாள் ஒரு கலயம் கேட்டான். குடுத்துச்சு. அதுக்கு மறுநாள் ரெண்டு கலயம். அடுத்த ஊருக்காரன், அதுக்கும் அடுத்த ஊருக்காரன்னு கலயத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: "சும்மா ருசி பாக்கத்தான்."

"கொழுந்தனாரே, பையனுக்குப் பத்தல"ன்னு சொல்லுச்சு திமிங்கலம். "ராத்திரியெல்லாம் மடியை முட்டுறான். போதும், நிப்பாட்டிக்குவோம்."

"இன்னைக்கு ஒரு நாள் மதினி. வெளியூருக்காரங்க வந்திருக்காங்க, என் மானம் போயிரும்."

மானமாம். அடுத்தவ புள்ளை வயித்துல இருக்கு இவன் மானம்.

அன்னைக்குத் திமிங்கலம் மடியை இறுக்கிக்கிச்சு. சொட்டு வரல. கொம்பையாவுக்கா தெரியாது? காலம் பூரா மாட்டுக்கிட்ட செஞ்சதையே செஞ்சான். குட்டியை ரெண்டு இழுப்பு குடிக்க விட்டான். பால் சொரந்ததும் புடிச்சு இழுத்துட்டுப் போயி, ஓரமா முளை அடிச்சுக் கட்டிட்டான். குட்டி கண்ணு முன்னாடி நின்னா தாய் பாலை இறக்கும், அது தொழில். கன்னுக்குட்டின்னா கட்டுன எடத்துல நிக்கும், கறந்து முடிஞ்சா அவுத்து விடலாம்.

இது கன்னுக்குட்டி இல்லயே!

இப்படிக் கட்டிக் கறக்க ஆரம்பிச்ச நாலாவது நாள் கூட்டம் ஜாஸ்தி. இருபது கலயம். கறந்து முடிஞ்சதும் எல்லாரும் ருசியைப் பத்தி வாதாடிக்கிட்டே ஊருக்குள்ள போயிட்டாங்க. கொம்பையாவும் பேச்சு சுவாரஸ்யத்துல போயிட்டான். கயித்தை அவுக்கல. கடல் வத்த ஆரம்பிச்சுது. தாயைத் தண்ணி உள்ள இழுத்துக்கிட்டுப் போச்சு. குட்டி மணல்ல நின்னுருச்சு. உச்சி வெயிலு. திமிங்கலக் குட்டி மணல்ல எத்தனை நேரம் தாங்கும்? கத்துச்சு. அங்க ஊருக்குள்ள, "கறிக் கொழுப்பா தேங்காப் பாலா"ன்னு இவனுங்க கத்துன கத்துல அது யாருக்குக் கேக்கும்?

சாயங்காலம் உச்சிமாளிதான் மொதல்ல பாத்தா. குட்டி செத்துக் கெடந்துச்சு.

"போயி அவகிட்ட சொல்லுங்க. கால்ல விழுங்க"ன்னா புருஷன்கிட்ட.

கொம்பையா கத்தியை எடுத்தான். கன்னு செத்த மாட்டுக்கு என்ன செய்வாங்க? தோலை உரிச்சு, உள்ள வைக்கோலை அடைச்சு, தைச்சுக் கொண்டு போயி முன்னாடி நிறுத்துவாங்க. மாடு அதை நக்கிக்கிட்டே பாலை விட்டுரும். அதைத்தான் செஞ்சான்.

"பாவி, அது பேசுற சீவன்! புள்ளை ஏன் பேசலன்னு கேக்கும்!"

"சொரப்பு வந்துருச்சுன்னா எல்லாம் மறந்துரும். நாளைக்கு அம்பது பேர் வர்றான், நீ சும்மா இரு."

விடிஞ்சதும் வைக்கோல் குட்டியைத் தண்ணியில மிதக்க விட்டான். மேல ரெண்டு செம்பு கடத்தண்ணியும் ஊத்தி விட்டான், புதுசா இருக்கட்டும்னு. திமிங்கலம் ராத்திரி முழுக்கத் தேடி அலைஞ்சிருந்துச்சு. பாத்ததும் பாய்ஞ்சு வந்துச்சு. மூக்கால தடவுச்சு, ஒடம்போட ஒடம்பா ஒரசுச்சு. மடி தானா சொரந்து தண்ணியே வெள்ளையாயிருச்சு. ஒரு கலயம் ரொம்புச்சு, ரெண்டாவதும் ரொம்புச்சு. கொம்பையா கூட்டத்தைப் பாத்துக் கண்ணடிச்சான்.

"ராசா"ன்னுச்சு திமிங்கலம். "ஏன் கம்முனு இருக்கே? அம்மாவுக்கு ஒரு மூச்சு ஊதிக் காட்டு."

ஒண்ணும் வரல.

"கோவமா? நேத்து நான் உள்ள போயிட்டேன்னு கோவமா? ஊது சாமி. பனை உசரம் வேணாம், என் மூஞ்சி மேல கொஞ்சம் ஊது."

செல்லமா அதோட வயித்துல ஒரு முட்டு முட்டுச்சு. குட்டியோட தலை உச்சி ஓட்டை வழியா ஒரு புடி வைக்கோல் வெளிய வந்து தண்ணியில மிதந்துச்சு.

அம்பது பேர் நின்னாங்க. எல்லாரும் பாத்தாங்க.

திமிங்கலம் அந்த வைக்கோலைப் பாத்துச்சு. அப்புறம் கரையைப் பாத்துச்சு. கத்தல. வாலைத் தூக்கி யாரையும் அடிக்கல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு, தெரியாம இல்ல, கட்டுனவன் வாயால வரட்டும்னு.

"கட்டுனது யாரு?"

ஆளாளுக்கு ஒரு பக்கம் பாத்தாங்க. "நான் ஒரு வாய்தான் குடிச்சேன்"னு முனகுனான் ஒருத்தன். "நான் இன்னைக்குத்தான் வந்தேன்." "சும்மா ருசி பாக்கத்தான்..." கொம்பையா கையில ரொம்புன கலயத்தோட, வேற யாரையோ கேட்ட மாதிரி நின்னான். உச்சிமாளி வாயைத் தொறந்தா. அவன் ஒரு பார்வை பாத்தான். மூடிக்கிட்டா. எனக்கு அவ மேலதான் ரொம்ப ஆத்திரம். அவனைத் தவிர எல்லாம் தெரிஞ்சவ அவ ஒருத்திதான்.

மூணு நாள் அங்கயே கெடந்து கேட்டுச்சு. கூட்டம் ஒவ்வொருத்தனா கழண்டு போச்சு. கடைசியில வெறும் மணலைப் பாத்துக் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

மூணாம் நாள் முடிவுல, மடியை அப்படியே வயித்துக்குள்ள இழுத்து, மேல தோலை மூடிக்கிச்சு. எந்தக் கையும் தேடிப் புடிக்க முடியாதபடி ஒரு கீறல் மட்டும்தான் பாக்கி. உள்ள இருந்த பால் வயித்தெரிச்சல்ல சுண்டிச் சுண்டி வெண்ணெய் மாதிரி இறுகிப் போச்சு. கறந்து வச்ச கலயத்துப் பாலும் அதே நேரம் கட்டி தட்டிப் போச்சு. ஒருத்தனுக்கும் தொண்டைக்குள்ள இறங்கல.

"இனிமே என் புள்ளை வாயில நானே பீச்சி விடுவேன். கடல்ல கூட ஒரு சொட்டு கரையாது"ன்னு சொல்லிட்டு ஆழத்துக்குப் போச்சு. உலகத்துல எந்தக் கயிறும் பத்தக் கூடாதுன்னு வளந்துச்சு. வளந்துக்கிட்டே இருந்துச்சு.

அன்னையில இருந்துதான் திமிங்கலத்துக்கு மடி வெளிய தெரியுறதில்ல. அன்னையில இருந்துதான் அது பால் வெண்ணெயா இருக்கு, அது குட்டி தாயை ஒட்டியே நீந்துது. எப்பவாச்சும் ஒரு திமிங்கலம் கரையில வந்து ஒதுங்குதே, வழி தவறி வந்துச்சுன்னு நீ சொல்லுவே. கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல, அதான் வருது.

இப்ப உன் விஷயத்துக்கு வா. நாளைக்கும் விழா இருக்கு, நாளைக்கும் உன் ஸ்டால் இருக்கு. இன்னைக்கு மத்தியானம் அந்தக் கழுதைக் குட்டியை நான்தான் அவுத்து விட்டேன். ஓடிப் போயி தாய் மடியில வாய் வச்சுச்சு. தண்ணி குடிச்சுட்டுத் திரும்பி வர்றேன், மறுபடியும் தூண்ல நிக்குது. ஸ்டால்ல நின்ன எட்டுப் பேரையும் கேட்டேன். எல்லாரும் போனைப் பாத்தீங்க. நீயும்தான்.

தனி மெசேஜ்ல வந்து சமாதானம் பேசாத. நாளைக்குக் காலையில, ஸ்டால் தொறக்குறதுக்கு முன்னாடி, அதே மைக்கைப் புடிச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு மதிவதனா.

கட்டுனது யாரு?