முதுகில் கண் வைத்த பொரி வண்டி

முதலில் ஒரு விடுகதை. ஒரு மிருகம். முன்னால் அதற்கு ஒற்றைக் கண், அதுவும் மங்கல். முதுகில் இரண்டு கண், இரண்டும் சூரியன். முன்னோக்கி நடந்தால் முதுகுக் கண் மூடிக்கொள்ளும். பின்னோக்கி நடந்தால்தான் திறக்கும். அப்படியானால் அந்த மிருகத்துக்கு முகம் எந்தப் பக்கம்?

அவசரமில்லை, யோசியுங்கள். கோணமேட்டுப் பொரிக்காரர்கள் மூன்று பேர் இதே கேள்வியை மெயின்ரோட்டில் நின்று யோசித்தார்கள். அவர்களுக்கும் உடனே விடை வரவில்லை. அதனால் நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

கோணமேட்டுக்குப் போக ஒரே வழி வாய்க்கால் கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சேறு, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். போன வண்டி அங்கே திரும்ப முடியாது. அதனால் ஊரின் பிக்கப் வண்டி அரிசி மூட்டையோடு நேராக உள்ளே வரும், பொரி மூட்டையோடு ரிவர்ஸில் வெளியே போகும். வெளியூர்க்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டார்: வரும்போதே ரிவர்ஸில் வந்துவிட்டால், சரக்கோடு போகும்போது நேராகப் போகலாமே? கோணமேட்டுக்காரர்களுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஊருக்குள் வருகிறவர் யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு வருவார்களா? வண்டியென்றால் மட்டும் மரியாதை கிடையாதா?

வண்டியை ஓட்டுகிறவர் அர்த்தநாரி. அவருக்குத் தன் மூளையைப் பற்றி எந்த மயக்கமும் இல்லை. "எனக்கு இருக்கிற புத்திக்கு நாலு சக்கரமே ஜாஸ்தி" என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்படிச் சொன்னால் தொழில் கூட்டாளிகள் இருவருக்கும் பொறுக்காது. பொரி வறுக்கும் செங்கோடன், தன்னைவிட மட்டி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்பார். மூட்டை கட்டும் பொங்கியண்ணன் வயதில் மூத்தவர் என்பதால், அந்தப் பெருமை தனக்குத்தான் முதலில் சேர வேண்டும் என்பார். பேச்சு முற்றும்போது அர்த்தநாரி விட்டுக்கொடுத்துவிடுவார். விட்டுக்கொடுத்த பிறகு, இதற்கெல்லாம் விட்டுக்கொடுக்கிறோமே, நாம் எவ்வளவு பெரிய மட்டி என்று தனக்குள் சந்தோஷப்படுவார்.

ஒரு வருஷம் வண்டி வாய்க்காலுக்குள் போனது. அன்று செங்கோடன் டார்ச்சோடு வண்டிக்குப் பின்னால் நடந்தார். பின்சக்கரம் கரை ஓரத்துக்கு வருவதைப் பார்த்தால் "நில்லு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. கொஞ்ச தூரத்தில் அவரே தடுமாறி வாய்க்காலில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து பின்சக்கரம் தெரியவில்லை. தெரியாததைப் பார்த்ததாக எப்படிச் சொல்வது? கழுத்தளவுத் தண்ணீரில் வாயை மூடிக்கொண்டு நின்றார். வண்டியும் வந்து சேர்ந்தது.

அடுத்த முறை அந்த வேலையைப் பொங்கியண்ணன் எடுத்துக்கொண்டார். வண்டி நேராகப் போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் கண் கொட்டாமல் பார்த்தார். கரை வளைந்தது, வண்டி வளையவில்லை. "இம்மி கோணல் கிடையாதுங்க" என்று நனைந்த மூட்டைகளுக்கு நடுவே நின்று அவர் உறுதி சொன்னார். அந்தக் குளியலில் முன்விளக்கு ஒன்று செத்துப்போனது. வாய்க்கால் மீன்கள் மட்டும் பொரி தின்று உருண்டு திரண்டு போயின.

டவுனில் பொரி வாங்குகிற மளிகைக்கடை ராசாமணியம்மா நனைந்த மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தார். கை கூழோடு வந்தது.

"இத பாருங்க அர்த்தநாரி. கார்த்திகைக்கு மொத நாள் எங்கடையில பொரி இருக்கோணும். உங்க வண்டியிலதான் வரோணும், காஞ்சதா வரோணும். இன்னொரு தடவ நனஞ்சுதுன்னா, அடுத்த வருசத்துல இருந்து நான் வேற ஊர்ல வாங்கிக்கிறேன்."

கோணமேட்டில் பொரி வறுக்காத வீடு கிடையாது. கார்த்திகை வியாபாரம் போனால் ஊரே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். அதுவும் ஓட்டத் தெரியாத ஒருவனால். அன்று வீடு திரும்பும்போது அர்த்தநாரி தன்னை மட்டி என்று ஒருமுறைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. விஷயம் அவ்வளவு முற்றிப் போயிருந்தது.

வண்டியின் பழைய ரிவர்ஸ் லைட் மின்மினிக்கும் கீழே. அது எரிகிறதா என்று பார்க்கவே தீக்குச்சி கிழிக்க வேண்டும். எனவே மூவரும் டவுனில் வண்டிகளுக்கு ஒயர் வேலை செய்யும் ஜலீல் பாயிடம் போனார்கள். அவர் பம்பருக்குக் கீழே கைப்பிடி அகலத்தில் இரண்டு எல்.ஈ.டி. விளக்குகளை முடுக்கி, ரிலே வைத்து, ரிவர்ஸ் கியரோடு இணைத்தார். செத்த முன்விளக்கையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார். நாங்கள் வந்தது பின்விளக்குக்கு என்று மூவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும்போது ஜலீல் பாய் மூன்று விஷயம் சொன்னார். ரிவர்ஸ் போட்டால்தான் எரியும். எரியும்போது விளக்கைப் பார்க்காதீர்கள், கண் கூசிவிடும். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, தண்ணீர் படாமலிருக்க இரண்டு விளக்குக்கும் சாக்குக் கட்டினார்கள். பிறகு ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார்கள். இருட்டு அப்படியே இருந்தது. பாய் ஏமாற்றிவிட்டார் என்று செங்கோடன் கொதித்தார். அர்த்தநாரியின் மகள் தாரணி வந்து சாக்கை அவிழ்த்தாள். ஆறாவது படிக்கும் பெண். தென்னைமரத்து உச்சி வரை பகலாயிற்று. எதிர்வீட்டுச் சேவல் கூவிவிட்டு, நேரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

அடுத்தது இரண்டாவது விஷயம். எரியும்போது பார்க்கக் கூடாது. ஆகவே அர்த்தநாரி ரிவர்ஸ் போட்டதும் கண்ணை நேரே முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் ஓட்டினார். பொங்கியண்ணனின் வைக்கோல்போரில் வண்டி பாதி மறைந்தது. வைக்கோலை உதறியபடி மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"பாக்கக் கூடாதுன்னா, வண்டிய எப்படீங்கண்ணா ஓட்டறது?" என்றார் அர்த்தநாரி.

"லைட்டத்தான பாக்கக் கூடாதுன்னாரு" என்றார் பொங்கியண்ணன். "லைட்டு காட்டுறத பாக்கலாமில்ல?"

இப்படி ஒரு கூர்மை அவருக்குள் இருந்ததா என்று மற்ற இருவரும் திகைத்துப் போனார்கள். ஊரின் முதல் மட்டி என்ற பட்டம் போய்விடுமோ என்று பொங்கியண்ணனுக்கே கவலையாகிவிட்டது.

கார்த்திகைக்கு முந்தின நாள் பொழுது சாய, மூட்டைகள் ஏறின. தாரணியும் ஏறினாள். டவுனில் சித்தி வீட்டு மாடியில் தீப்பொறி பறக்க மாவளி சுற்றுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் அர்த்தநாரி. ரிவர்ஸ் போட்டதும் பீப் பீப் என்று வண்டி அலறத் தொடங்கியது. விளக்குகள் எரிந்தன. கரையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. வளைவு வந்தது, வண்டியும் வளைந்தது. வாய்க்கால் மீன்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பசியோடு போயின. சொட்டு ஈரம் இல்லாமல் வண்டி மெயின்ரோட்டுக்கு வந்து நின்றது. தன்னிடம் ஏதோ கோளாறு, இவ்வளவு சரியாக எதுவும் நடந்ததில்லையே என்று அர்த்தநாரி நினைத்தார்.

பிறகு டவுனைப் பார்த்து வண்டியை நிறுத்தி, முதல் கியர் போட்டார். முதுகில் பகல் அணைந்தது. முன்னால் ஒற்றை விளக்கு, புகைந்த சிம்னி மாதிரி, தன் மூக்கை மட்டும் காட்டியது.

மூவரும் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார்கள்.

"நல்ல வெளிச்சம் பின்னாடி இருக்குது, இருட்டு முன்னாடி இருக்குது" என்றார் செங்கோடன். "நாம போறது இருட்டுப் பக்கமா. இது எந்த ஊரு நாயம் மாப்ள?"

அர்த்தநாரி தலையைச் சொறிந்தார். டார்ச் வெளிச்சத்திலேயே வாய்க்காலுக்குப் போனவர், இருட்டில் எங்கே போய் விழுவாரோ. விழுந்தால் பொரி நனையும். நனைந்தால் ராசாமணியம்மா. வெளிச்சத்தை நம்பிப் போவதுதான் புத்தி என்று அவருக்கும் பட்டது. புத்தி என்று தனக்குப் பட்டதே அவருக்கு லேசாகப் பயத்தைக் கொடுத்தது. இருந்தாலும் வண்டியைத் திருப்பி, பின்புறத்தை டவுனுக்குக் காட்டி நிறுத்திவிட்டு, ரிவர்ஸ் போட்டார்.

பீப் பீப் என்று ரோடு நெடுக அலறிக்கொண்டு வண்டி போயிற்று. நாய்கள் துரத்தின. எந்தப் பக்கத்தைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றுவிட்டன. தாரணி சீட்டில் சரிந்து, தலை வெளியே தெரியாதபடி உட்கார்ந்துகொண்டாள்.

பாதி வழியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். வண்டியின் மூக்கைப் பார்த்தார், அது கோணமேட்டைப் பார்த்தது. வண்டி போகும் திசையைப் பார்த்தார், அது டவுன். அவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இப்படியா ஓட்டுவீங்க? மொதல்ல வண்டியத் திருப்பி நிறுத்துங்க. அப்புறமா கெளம்புங்க."

சட்டத்துக்கு மறுப்பு ஏது? அர்த்தநாரி வண்டியைத் திருப்பினார். மூக்கு டவுனைப் பார்த்தது. போலீஸ்காரர் திருப்தியோடு டீக்கடைப் பக்கம் போனார். அர்த்தநாரி வெளிச்சத்துக்காக ரிவர்ஸ் போட்டார். கிளம்பினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு ஒரு சந்தேகம். முன்பு பார்த்த அதே புளியமரம் மறுபடியும் வருகிறது. டவுனுக்குப் போகும் வழியில் ஒரே மாதிரி மரம் நிறைய இருக்கும் என்று செங்கோடன் தேற்றினார். மரத்தடியில் அதே நாய்களும் படுத்திருந்தன. அவை இந்த முறை எழுந்திருக்கவில்லை. கடைசியில் வாய்க்கால் கரை முனையும் அதன் பஸ் நிறுத்தமும் வந்தன. நல்லவேளை, பொங்கியண்ணன் கத்தி நிறுத்தினார். இல்லாவிட்டால் ஊருக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்திருப்பார்கள்.

இப்போதுதான் அந்த விடுகதை பிறந்தது. மூவரும் மெயின்ரோட்டில் நின்று யோசித்தார்கள். வண்டியை நேராக நிறுத்தினால் வெளிச்சம் ஊருக்குத் திரும்புகிறது. வெளிச்சத்தை டவுனுக்குத் திருப்பினால் சட்டம் குறுக்கே வருகிறது. இந்த வண்டிக்கு உண்மையில் முகம் எது? கண் இருக்கிற பக்கம்தான் முகம் என்றார் செங்கோடன். ஸ்டியரிங் இருக்கிற பக்கம்தான் என்றார் பொங்கியண்ணன். தன் முகமே சரியாக இல்லாதபோது வண்டி முகத்தைப் பற்றித் தான் என்ன சொல்வது என்றார் அர்த்தநாரி. இன்னும் நின்றால் பொரி நமத்துப் போகும்.

"ஏங்கண்ணு, நீ படிச்ச புள்ள" என்று மகளிடம் குனிந்தார். "நீயே சொல்லு."

தாரணி வண்டியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். தூரத்தில் டவுன் பஸ் வந்தது.

"நான் பஸ்ஸுல போறேங்ப்பா. நீங்க நேரா நிறுத்திக்கங்க. பஸ்ஸோட வெளிச்சத்துலயே டவுனு வரைக்கும் வந்தர்லாம்."

மூட்டைகளையும் பஸ்ஸில் ஏற்றலாம் என்றாள். அது மட்டும் முடியாது. உங்கள் வண்டியில்தான் வர வேண்டும் என்று ராசாமணியம்மா சொல்லியிருக்கிறாரே.

பஸ் கிளம்பியது. அர்த்தநாரி முதல் கியர் போட்டு அதன் பின்னால் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனார். பஸ்ஸின் வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது. ஆனால் மூன்று பேர் மனதையும் ஒன்று அரித்தது. பஸ் நமக்கு வெளிச்சம் தருகிறது. நம்மிடம் அதைவிடப் பெரிய வெளிச்சம் இருக்கிறது, அதை அணைத்து வைத்துக்கொண்டு அடுத்தவர் வெளிச்சத்தில் போகிறோம். இது என்ன கஞ்சத்தனம்?

"பதிலுக்கு நாமளும் காட்டோணுமல்லொ" என்றார் பொங்கியண்ணன்.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றபோது வண்டியைத் திருப்பினார்கள். அங்கிருந்து டவுன் வரை பஸ்ஸின் முதுகை ஒட்டி, ரிவர்ஸில், பீப் பீப் என்று வந்தார்கள். பஸ்ஸுக்குள் பட்டப்பகல். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விடிந்துவிட்டதென்று எழுந்து தலை வாரினார்கள். டீக்கடையில் இருந்த போலீஸ்காரர், பஸ்ஸுக்குப் பின்னால் மூக்கு வருகிறதா முதுகு வருகிறதா என்று பார்ப்பதற்குள் கண் கூசி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராசாமணியம்மாவின் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. வண்டி பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. எந்த வண்டியும் டிரைவரைத்தான் முதலில் காட்டும், இதுதான் சரக்கை முதலில் காட்டுகிறது என்று ராசாமணியம்மா சொன்னார். மூட்டைக்குள் கை விட்டார். கை காய்ந்து வந்தது. ஒரு பிடி வாயில் போட்டார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. அடுத்த வருஷமும் கோணமேட்டுப் பொரிதான் என்றார். இனி எப்போதும் இதே மாதிரி கொண்டுவாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். மூவரும் அதைக் கவனமாக மனதில் வாங்கிக்கொண்டார்கள்.

அர்த்தநாரி மகளை இறக்கிக்கொள்ளப் பஸ் படிக்கு ஓடினார். தலையில் பொரித் தூசி, முகமெல்லாம் பல். கண்டக்டர் கண்ணைக் கசக்கியபடி கதவருகே நின்றிருந்தார்.

"ஏங்கண்ணு, பின்னாடியே கூவிட்டு வந்துச்சே ஒரு வண்டி, அதுல வந்த ஆளுக இவிங்கதானா? உனக்குத் தெரிஞ்சவிங்களா?"

அர்த்தநாரியைக் கேட்டிருந்தால் அவரே தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். கேட்டது தாரணியிடம். அவள் கண்டக்டரைப் பார்த்தாள். பையை வாங்கக் கை நீட்டியபடி நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

தெரியாது என்றாள்.