அறுபத்து நான்கு அடிக்குறிப்புகள்

அன்று பல்கலைக்கழகக் கேன்டீனில் இருந்தவர்கள் நான்கு பேர். மொழிபெயர்ப்புத் துறைப் பேராசிரியர் ஜமீலா, வயது முப்பத்தாறு. அவரிடம் முதுகலை படிக்கும் சூசைமாணிக்கம், வயது அறுபத்தொன்று; மைசூரில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டீ மாஸ்டர் தங்கப்பழம். காய் நறுக்கும் இசக்கியம்மாள். கடைசி இருவருக்கும் கன்னடம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

சூசைமாணிக்கம் பட்டத்துக்காக ஒரு கன்னடக் கதையைத் தமிழாக்கியிருந்தார். போன முறை, “கதை உயிரோடு இல்லை” என்று எழுதித் தேர்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இன்று ஐந்து மணிக்குள் திரும்பக் கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது. அதனால் நாற்பது அடிக்குறிப்புகளை அறுபத்து நான்காக உயர்த்தியிருந்தார்.

“இன்னும் என்ன சேர்க்கணும் மேடம்?”

“இவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க சார்.”

மூலமொழி தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். போன முறை கூச்சப்பட்டு அவர் அதைத் தவிர்த்துவிட்டார்.

வாசித்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வந்த குதிரை, சாராயக்கடை வாசலில் தானாக நின்றது.

“குறிப்பு ஒன்பது. இது குதிரைக்காரரின் குடிப்பழக்கத்தைச் சுட்டும் நகைச்சுவை.”

தங்கப்பழம் பாய்லரைத் துடைக்கப் போய்விட்டார்.

“அண்ணாச்சி, இது கதையா, கிரயப் பத்திரமா?” என்றாள் இசக்கியம்மாள்.

ஜமீலா தாள்களை வாங்கினார். முப்பத்தொரு தாளிலும் அடிக்குறிப்புப் பகுதியைப் பின்னால் மடித்தார்.

“இப்ப வாசிங்க.”

“அவங்களுக்குப் புரியாதே மேடம்.”

“புரியலைன்னா கேப்பாங்க.”

மூன்றாவது சாராயக்கடையில் குதிரை நின்றபோது, இசக்கியம்மாளின் கத்தியும் பாதிக் கத்தரிக்காயில் நின்றது.

“எங்க மச்சான் வண்டியும் இப்படித்தான் நிக்கும்” என்று தங்கப்பழம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறாவது கடைக்குள் மாப்பிள்ளையே இறங்கிப் போனார். கடைசி வரிகளை வாசித்து முடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. சூசைமாணிக்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று முறை கேட்டார்கள். ராகி முத்தே என்றால் என்ன? மாப்பிள்ளை நெற்றியில் என்ன கட்டியிருக்கிறார்கள்? கேழ்வரகுக் களி, நெற்றிப் பட்டம் என்று சூசைமாணிக்கம் சொல்ல, அந்த இரண்டு இடத்திலும் ஜமீலா பென்சிலால் புள்ளி வைத்தார். மூன்றாவது, “குதிரை அப்புறம் என்னாச்சு அண்ணாச்சி?”

“மூலத்துல அதோட முடிஞ்சுதும்மா.”

“எழுதினவருக்கு என்ன அவசரமோ.”

சூசைமாணிக்கம் மடிப்புகளைத் தடவினார். “மத்ததையெல்லாம் எடுத்துட்டா, நான் இவ்வளவு தேடினது தேர்வாளருக்கு எப்படி மேடம் தெரியும்?”

அப்போதுதான் பால்காரர் உள்ளே வந்திருந்தார். இசக்கியம்மாள் அவரை நிறுத்தி வைத்துக் குதிரைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சூசைமாணிக்கம் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினார்.

“மேடம், மூலத்துல ஆறு கடைதான். இவங்க ஏழு சொல்றாங்க.”

“தேர்வாளருக்கும் வீட்டுல நாலு பேர் இருப்பாங்கல்ல சார், சொல்றதுக்கு.”

சூசைமாணிக்கம் பேனாவைத் திறந்தார். நாலரை மணிக்கு அறுபத்து நான்கில் மிஞ்சியவை இரண்டு.